பழைய வண்டியும் தானியங்கு கியர்ப் பெட்டியும்

யந்திர சாஸ்திரம் பயில்வோர் பெரும்பாலும் புதிய யந்திரங்களைப் பற்றியே கேட்க விரும்புவர். பழைய யந்திரம் ஒன்றினுள் புதிய உறுப்பு ஒன்றைப் பொருத்துவது எங்ஙனம் என்னும் வினா அவர்களுக்கு அத்துணைச் சுவையுடையதாகத் தோன்றாது. ஆயினும் புதியதைப் படைப்பவனைக் காட்டிலும், பழையதனுள் புதியதை இசைவிப்பவனுக்கே யந்திரத்தின் இயல்பு நன்கு விளங்கியிருத்தல் வேண்டும். படைப்பவன் தன் விருப்பம்போல் அளவுகளை வகுத்துக்கொள்கிறான். இசைவிப்பவனோ, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகள் வகுத்த அளவுகளுக்கிடையே வழி காண வேண்டியவனாகிறான்.

பழைய வேன் ஒன்றிலுள்ள கைக் கியர்ப் பெட்டியை நீக்கி, அவ்விடத்தில் தானியங்கு கியர்ப் பெட்டியை அமைத்தல் இவ்வினாவிற்குத் தக்க உதாரணமாகும். இதனை வெறும் பொழுதுபோக்கென்று எண்ணுதல் பொருந்தாது. இடக்காலை இழந்தவர், இளம்பிள்ளை வாதத்தால் கால் மெலிந்தவர், முழங்கால் தேய்ந்த முதியவர் ஆகியோர்க்குக் கிளச்சு மிதி ஒன்றே வண்டிக்கும் தமக்கும் இடையே நிற்கும் தடை. அத்தடை நீங்கினால் அவர்தம் பிழைப்பு மீளும். ஆதலின் இவ்வேலையின் முறையையும், அதன் எல்லையையும் ஈண்டு ஆராய்வாம்.

காஞ்சிமாநகரத்தார்க்கு இப்பொருள் அணித்தானதுமாம். நம் மாவட்டத்து ஒரகடத்திலேயே ஆலிசன் என்னும் அமெரிக்கக் கம்பெனியார் லாரி, பஸ் முதலியவற்றுக்கு உரிய தானியங்கு கியர்ப் பெட்டிகளைச் செய்யும் தொழிற்சாலையொன்றை நடத்துகின்றனர். அங்கிருந்து கிழக்கே சிறிது தொலைவில், பெருங்களத்தூரில், ஸ்டாண்டர்டு கம்பெனியாரின் தொழிற்சாலை முன்னாளில் இயங்கிற்று. 1961ஆம் ஆண்டு முதல் ஹெரால்டு காரைச் செய்துவந்த அத்தொழிற்சாலையே ‘ஸ்டாண்டர்டு 20’ என்னும் வேனையும் செய்தது. அத்தொழிற்சாலை மூடப்பட்டு நெடுங்காலமாயிற்று. அதனின்று வெளிவந்த வண்டிகள் யாவும் கைக் கியர் உடையன. அவற்றை இயக்க இரு கால்களும் வேண்டும். பழைய வேனும் புதிய பெட்டியும் ஆகிய இவ்விரண்டும் ஒரே நிலப்பகுதியிற் பிறந்தவை என்பது கருதத்தக்கது.

கியர் எதற்கு?

தேர்த் திருவிழாவில் தேர் நிலையினின்று புறப்படுவதை நம்மிற் பலர் கண்டிருப்போம். வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கினராயினும், தொடக்கத்தில் அவர்கள் இழுப்பு மட்டும் போதுவதில்லை. பின்சக்கரத்தின் கீழ் நெடிய நெம்புகோல்களைக் கொடுத்து நெம்புகின்றனர். நெம்புகோலின் ஒரு முனை வெகுதூரம் இறங்க, மறுமுனை சிறிதே எழும். ஆனால் அச்சிறிய எழுச்சி பெருவலிமை உடையது. தேர் உருளத் தொடங்கியபின் நெம்புகோல் வேண்டுவதில்லை, வடமே போதும்.

மோட்டார் வண்டியில் முதற் கியர் என்பது அந்நெம்புகோலே. எஞ்சின் மிக மெதுவாகச் சுழலும்பொழுது வலிமை குன்றும். சுழலாது நின்றால் அதற்கு வலிமையே இல்லை. ஆகவே வண்டி நிற்கும்பொழுதும் எஞ்சின் சுழன்றுகொண்டிருத்தல் வேண்டும்; புறப்படுங்கால் அதன் வேகத்தைக் குறைத்து, திருகு வலிமையைப் பெருக்கிச் சக்கரத்திற்குக் கொடுத்தல் வேண்டும். முதற்செயலைக் கிளச்சும், இரண்டாவதைக் கியர்ப் பெட்டியும் செய்கின்றன. கைக் கியர் வண்டியில் இவ்விரண்டையும் இணைத்து நடத்துவது ஓட்டுநரின் இடக்காலும் ஒரு கையுமே. கருடசேவை நாளில் காந்தி ரோட்டில் வண்டி ஓட்டியவர்க்கு அவ்விடக்கால் எத்தனை முறை எழுந்து அழுந்துகின்றது என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

தானியங்கு பெட்டியின் உறுப்புகள்

கிளச்சின் இடத்தில் தானியங்கு பெட்டியில் நிற்பது எண்ணெய்ச் சுழலி. எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளுள் ஒன்றை மட்டும் இயக்கினால், அதன் காற்றால் மற்றொன்றும் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை நிரப்பி, இரண்டு விசிறிகளையும் ஓர் உருண்டைக் கூட்டினுள் அடைத்தால் அதுவே எண்ணெய் இணைப்பு. எஞ்சினோடு பிணைந்த விசிறி எண்ணெயை வீசுகிறது. பெட்டியோடு பிணைந்த விசிறி அவ்வீச்சை ஏற்றுச் சுழல்கிறது. வண்டி நிற்கையில் இரண்டாவது விசிறி நின்றாலும் முதலாவது தடையின்றிச் சுழலும்; எஞ்சின் அணைவதில்லை. இவ்விரண்டிற்கும் நடுவே, எண்ணெய் திரும்பி வரும் திசையை மாற்றும் மூன்றாவது இலைச்சக்கரம் ஒன்றை வைத்தால், புறப்படுங்கால் திருகு வலிமை ஏறக்குறைய இரு மடங்காகப் பெருகும். இம்முறைக்கு 1905ஆம் ஆண்டில் ஜெர்மானியரான ஹெர்மன் ஃபட்டிங்கர் உரிமை பெற்றார். முதலில் அது கப்பல்களின் பொருட்டு எழுந்ததாகும். 1939ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் ‘ஹைட்ராமாட்டிக்’ என்னும் பெட்டியில் எண்ணெய் இணைப்பை அமைத்துக் கார்களில் விற்கத் தொடங்கினர். வேன்களைப் பொறுத்தமட்டில், உலகெங்கும் அறியப்பட்ட வோக்ஸ்வாகன் டைப் 2 வேனுக்கு 1973ஆம் ஆண்டு மாதிரி முதல் தானியங்கு பெட்டி விரும்புவோர்க்குக் கிடைத்தது.

இரண்டாவது உறுப்பு கோள்சக்கரத் தொகுதி. நடுவே ஒரு சூரியச் சக்கரம். அதனைச் சுற்றி ஒரு தாங்கியில் அமைந்த கோள்சக்கரங்கள். அவற்றை வெளியே சூழ்ந்து உட்பல் உடைய வளையம். சூரியனுக்கு 30 பற்களும் வளையத்திற்கு 70 பற்களும் இருப்பனவாகக் கொள்வோம். வளையத்தைப் பிடித்து நிறுத்திச் சூரியனைச் சுழற்றினால், தாங்கி ஒரு சுற்றுச் சுற்றுவதற்குச் சூரியன் 3.33 சுற்றுச் சுற்ற வேண்டும். இது முதற் கியர். சூரியனை நிறுத்தி வளையத்தைச் சுழற்றினால், தாங்கியின் ஒரு சுற்றுக்கு வளையம் 1.43 சுற்று, இஃது இடைக் கியர். யாதேனும் இரண்டைச் சேர்த்துப் பிணித்தால் தொகுதி முழுவதும் ஒன்றாகவே சுழலும்; இது நேர்க் கியர். தாங்கியை நிறுத்திச் சூரியனைச் சுழற்றினால் வளையம் எதிர்த்திசையில் 2.33க்கு ஒன்றாகச் சுழலும். இது பின்னோக்கும் கியர். பற்கள் எப்பொழுதும் பொருந்தியே இருப்பதால், கியர் மாறும்பொழுது எதையும் விலக்கிச் சேர்க்க வேண்டுவதில்லை. எதைப் பிடிப்பது, எதை விடுவது என்பதே வினா. பிடிப்பதும் விடுவதும் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் பட்டைகளும் தட்டுகளுமாம்.

எப்பொழுது பிடிப்பது என்று தீர்மானிப்பது யார்? இங்கேதான் காஞ்சித் தறி நமக்கு ஆசிரியராகிறது. முன்னாளில் கரையிலும் முந்தானையிலும் உருவம் நெய்ய, அடை கட்டி, உதவியாள் ஒருவர் உரிய பாவு நூல்களை உரிய வேளையில் தூக்கிக் கொடுத்தல் வேண்டியிருந்தது. லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804ஆம் ஆண்டில் இயற்றிய கருவி, துளையிட்ட அட்டைகளின் வாயிலாக அவ்வேலையைத் தானே செய்தது. எந்நூல் எழவேண்டும் என்னும் அறிவு அட்டையில் அடங்கிற்று. தானியங்கு கியர்ப் பெட்டியின் அடியிலுள்ள அடைப்பிதழ்ப் பலகை அவ்வட்டைக்கு ஒப்பானது. வண்டியின் வேகத்திற்கேற்ப உயரும் எண்ணெய் அழுத்தம் ஒருபுறமும், ஓட்டுநரின் வலக்கால் அழுத்தத்திற்கேற்ப உயரும் அழுத்தம் மறுபுறமுமாக ஓர் அடைப்பிதழைத் தள்ளுகின்றன. வேகம் வென்றால் மேற்கியர். சுமை வென்றால் கீழ்க்கியர். பிற்காலப் பெட்டிகளில் இத்தீர்மானத்தை மின்னணுக் கருவி செய்கின்றது. பழைய வேனில் அத்தகைய கருவி இல்லாமையால், எண்ணெய் அழுத்தத்தாலேயே தீர்மானிக்கும் பழைய வகைப் பெட்டி அதற்கு எளிதில் இசையும். மின்னணு வகையாயின் அதற்கெனத் தனிக் கட்டுப்பாட்டுக் கருவியும் உடன் வேண்டும்.

கணக்கு ஒன்று காண்பாம். எஞ்சினின் திருகு வலிமை 10 கிலோகிராம்-மீட்டர்; எண்ணெய்ச் சுழலியின் பெருக்கம் 2; முதற் கியர் 3.33, பின் ஆக்சிலின் விகிதம் 5, சக்கரத்தின் ஆரம் 0.3 மீட்டர் எனில், உராய்வை நீக்கிப் பார்க்கச் சக்கரம் தரையைத் தள்ளும் வலிமை ஏறக்குறைய 1,110 கிலோகிராம். நேர்க் கியரில், சுழலியின் பெருக்கமும் ஒன்றாகிவிட, அது 167 கிலோகிராமே. தேரின் நெம்புகோலுக்கும் வடத்திற்கும் உள்ள வேற்றுமை இவ்வெண்களில் விளங்கும்.

பொருத்தும் முறை

முதலாவது, பெட்டியைத் தெரிந்தெடுத்தல். அதே எஞ்சினோடு இணையுமாறு செய்யப்பெற்ற பெட்டி கிடைக்குமாயின் அதுவே உத்தமம். கிடையாதாயின், எஞ்சினின் முகத்திற்கும் பெட்டியின் முகத்திற்கும் நடுவே இணைப்புத் தட்டு ஒன்று கடைந்தெடுத்தல் வேண்டும். அத்தட்டில் எஞ்சின் தண்டின் மையமும் பெட்டித் தண்டின் மையமும் ஒரே நேர்க்கோட்டில் அமையவேண்டும். கண்ணளவும் அடிக்கோலும் இங்கே பயன்படா; அளவுக் கடிகாரம் வைத்துத் தண்டைச் சுழற்றியே சோதித்தல் வேண்டும். மையம் தவறிய பெட்டி சில நாள் ஓடும்; பின்னர் எண்ணெய்க் கசிவும், அதன்பின் முறிவும் நேரும்.

இரண்டாவது, கிளச்சையும் கனத்த பறக்குஞ்சக்கரத்தையும் நீக்கி, மெல்லிய நெகிழ்தட்டை எஞ்சின் தண்டில் பூட்டுதல். எண்ணெய்ச் சுழலியை முதலில் பெட்டியினுள் முழுவதும் செலுத்த வேண்டும். அது தண்டின் பற்களிலும் எண்ணெய் எக்கியின் பள்ளத்திலும் ஒவ்வொன்றாக அமரும். எல்லாவற்றிலும் அமர்ந்தபின் பெட்டியை எஞ்சினோடு சேர்த்தால், இரண்டு முகங்களும் கையால் தள்ளிய அளவிலேயே கூடும். சுழலிக்கும் நெகிழ்தட்டிற்கும் இடையே சிறிது இடைவெளியும் இருக்கும். முகங்கள் கூடாவிடின் போல்ட்டுகளை முறுக்கி இழுத்தல் கூடவே கூடாது. அங்ஙனம் இழுப்பவர், எண்ணெய் எக்கியைத் தம் கையாலேயே உடைத்தவராவர்.

மூன்றாவது, தாங்கு சட்டமும் இயக்குதண்டும். தானியங்கு பெட்டி பெரும்பாலும் கைப் பெட்டியினும் நீண்டது, கனத்தது. ஆகவே அதனைத் தாங்கும் குறுக்குச் சட்டம் புதிதாக வேண்டும். பின் ஆக்சிலுக்குச் செல்லும் இயக்குதண்டைக் குறுக்க வேண்டும். குறுக்கிய தண்டின் இரு முனைகளிலுமுள்ள மூட்டுகள் ஒரே திசை நோக்கி அமைதலும், தண்டு சமனிலைச் சோதனைக்கு உட்படுதலும் இன்றியமையாதன.

நான்காவது, குளிர்விப்பு. இதுவே பலரும் மறப்பது. கைக் கியர்ப் பெட்டிக்குக் குளிர்விப்புக் கருவி வேண்டுவதில்லை. எண்ணெய்ச் சுழலியிலோ வழுக்கிய சக்தி யாவும் வெப்பமாகின்றது. எஞ்சின் 20 கிலோவாட் சக்தி கொடுக்க, சுழலி அதில் பத்திலொரு பங்கு வழுக்குமாயின், 2 கிலோவாட் எண்ணெயைச் சுடவைக்கும். இது வீட்டில் நீர் காய்ச்சும் மின்கருவி ஒன்றை ஓயாது இயக்கியதற்கு ஒப்பாகும். சித்திரை, வைகாசியில் காஞ்சியின் வெயிலையும், ஊர்வலத்தின் பின் ஊர்ந்து செல்லும் வண்டியையும் எண்ணிப் பார்க்க. அளவிற்கு மீறிச் சுட்ட எண்ணெய் கருகும். கருகிய எண்ணெய் தட்டுகளைக் கருக்கும். ஆதலின் ரேடியேட்டரின் முன் தனிக் குளிர்விப்பான் ஒன்றை அமைத்தல் நன்று.

ஐந்தாவது, வலக்கால் மிதியினின்று பெட்டிக்குச் செல்லும் கம்பி. இதன் நீளத்தைச் செய்தவர் குறித்தபடி அமைத்தல் வேண்டும். சில பெட்டிகளில் எண்ணெயின் பிடி அழுத்தமும் இக்கம்பியாலேயே தீர்மானிக்கப்படும். தளர்ந்த கம்பியோடு சுமை இழுத்தால் தட்டுகள் வழுக்கி எரியும். மேலும், கைப்பிடி நடுநிலையிலோ நிறுத்த நிலையிலோ அல்லாமல் எஞ்சின் கிளம்பாதவாறு காவல் சுவிட்சு ஒன்று வேண்டும். இஃது இல்லாத வண்டி, சாவியைத் திருப்பிய கணமே முன்னே பாயக்கூடும். இதனைச் செலவு மிகுமென்று விடுதல் பெரும்பிழை.

ஆறாவது, பிரேக்கு. தானியங்கு வண்டி எஞ்சின் ஓடும்பொழுது மிதியை விட்டால் தானே ஊரும்; கால் எடுத்தபோது எஞ்சின் வண்டியைத் தடுத்து நிறுத்துவதும் குறைவு. பழைய வேனின் பிரேக்குகளோ பலவற்றில் உதவி வலிமை இன்றி ஓட்டுநரின் கால் வலிமையையே நம்பியவை. எனவே பெட்டியைத் தொடுமுன் பிரேக்கைச் செப்பனிடுக. கால் வலியற்றவர்க்காகச் செய்யும் வேலையில் இவ்விதி இரட்டிப்பாகப் பொருந்தும்.

இறுதியாக, தானியங்கு பெட்டிக்கு உரிய எண்ணெயை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, கைப்பிடியை ஒவ்வொரு நிலையிலும் சிறிது நேரம் வைத்து மீட்டு, எண்ணெய் சூடேறியபின் அளவுகோலால் பார்த்து நிரப்புதல் வேண்டும். இத்தகைய வண்டியைத் தள்ளிக் கிளப்ப இயலாது என்பதையும், பழுதுற்றால் இயக்கும் சக்கரங்கள் தரையில் உருளுமாறு நெடுந்தூரம் கட்டி இழுத்தலாகாது என்பதையும் உரியவர்க்கு எழுதியே கொடுத்தல் நலம். எஞ்சின் ஓடாதபொழுது எக்கியும் ஓடாது. எக்கி ஓடாத பெட்டியுள் எண்ணெய் பாயாது. எண்ணெயின்றிச் சுழலும் சக்கரங்கள் தேய்ந்து அழியும்.

சட்டமும் பழைமையும்

யந்திரம் இசைந்தமட்டில் வேலை முடிந்ததாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சீட்டில் உள்ள விவரங்கள் செய்தவர் குறித்த விவரங்களினின்று மாறுபடுமாறு வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றது. உடற்குறை உடையோர்க்கென மாற்றியமைக்கும் வண்டிகளுக்கு அச்சட்டத்தில், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின், தனி இடம் உண்டு. ஆகவே போல்ட்டு ஒன்றைக் கழற்றுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கு எழுதி, விடை பெறுதல் வேண்டும்.

வண்டி மிகப் பழையதாயின் மற்றுமொரு கருத்து உண்டு. 2021ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்த இருசக்கர வண்டிகளும், ஓட்டுநர் நீங்கலாக எட்டு இருக்கைக்கு மேற்படாத நான்குசக்கரப் பயணி வண்டிகளும் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு பெறலாம். ஆனால் அவை முதல் உருவிலேயே காக்கப்பட்டிருத்தல் வேண்டும். அடிச்சட்டத்திலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்யப்பட்டிருத்தலாகாது. அங்ஙனம் பதிவு பெற்றவற்றை அன்றாடப் போக்குவரத்திற்கும் வாணிகத்திற்கும் பயன்படுத்தலும் ஆகாது. ஆகவே உரியவர் முதலிலேயே ஒன்றைத் தெளிதல் வேண்டும்: இவ்வண்டி காட்சிக்கோ, பிழைப்பிற்கோ? காட்சிக்கெனின் பெட்டியை மாற்றாதிருப்பதே அறிவுடைமை. பிழைப்பிற்கெனின், சட்டம் இசைந்தபின் மாற்றுக. ஆனால் மீட்கத்தக்கவாறு மாற்றுக.

மீட்கத்தக்க மாற்றம் என்பதே இக்கட்டுரையின் சாரம். அடிச்சட்டத்தை அறுக்காமல், முன்னரே உள்ள துளைகளில் புதிய குறுக்குச் சட்டத்தைப் பூட்டலாம். தரைத்தகட்டை வெட்டாமல் கைப்பிடியை அமைக்க வழி தேடலாம். பழைய இயக்குதண்டைக் குறுக்குவதினும் புதியதொன்று செய்துகொள்ளுதல் சிறப்பு. கழற்றிய பெட்டி, கிளச்சு, பறக்குஞ்சக்கரம், மிதி, போல்ட்டுகள் அனைத்தையும் எண்ணெய் பூசிச் சீட்டெழுதி ஒரு பெட்டியில் வைத்தல் வேண்டும். பின்னொருநாள் வேறொருவர் பழைய உருவை விரும்பின், ஒரு துளையும் அடைக்காமல் அவர் அதனைப் பெறுதல் கூடும்.

காஞ்சித் தறிகாரர் இந்நெறியை முன்னரே கைக்கொண்டனர். ஜக்கார்டு கருவி தறிக்கு மேலே ஏறி அமர்ந்தது; கீழே குழித்தறி குழித்தறியாகவே இருந்தது. உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து இணைக்கும் கோர்வை வேலை மூன்று நாடாக்களைக் கொண்டு இன்றும் கையாலேயே நடைபெறுகின்றது. மனிதனின் உழைப்பைத் தணிக்க வேண்டிய இடத்தில் கருவி புகுந்தது. அத்துணியின் பெயருக்குக் காரணமான வேலையில் கருவி புகவில்லை. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்னும் பகுத்தறிவே அவர்களுடைய கலையின் உயிர்நிலை.

மாணவர்களே! நீங்கள் கற்றுச் சென்று புதிய யந்திரங்களைப் படைப்பீர்கள், அது நன்றே. ஆயினும் உங்கள் முன் கொண்டுவரப்படும் யந்திரங்களுட் பெரும்பாலானவை பழையனவாகவே இருக்கும். அவற்றைக் கொண்டுவருவோரும் புதியது வாங்கும் வசதி இல்லாதவராகவே இருப்பர். முதலில் அவ்வண்டியை ஓட்டப்போகும் மனிதரின் கால்களைப் பாருங்கள். பின்னர் எஞ்சினைப் பாருங்கள். அதன்பின் அளவுக்கோலை எடுங்கள். இம்முறை வழுவாது செய்யும் வேலையில் பழைய வண்டியும் கெடாது. அதனை ஓட்டுபவர் வாழ்வும் தளராது.